அளவு மீறிய முகம்

மன்றத்தின் பெயரில் நீர் இருந்ததே தவிர, நீரைக் கண்டால் அங்கே யாருக்கும் ஆகாது. 'நீர்வண்ண ஓவிய மன்றம்' என்று வாசலில் ஒரு பலகை. உள்ளே நுழைந்ததும் இன்னொரு பலகை: 'தண்ணீர் சிந்தக் கூடாது.' மேசைக்கு மேசை அரைக் கிண்ணம் தண்ணீர், பக்கத்தில் மடித்து வைத்த வெள்ளைத் துணி. பிரஷ்ஷை நனைத்த கையோடு துணியில் ஒற்றி எடுத்துவிட வேண்டும். ஒற்றியபின் அதில் என்ன மிச்சம் இருக்கிறதோ அதுதான் கலை.

வரைவதற்கு ஒரே பொருள்தான். அறையின் நடுவில், உயரமான முக்காலியின் மேல், ஒரு பீங்கான் கூஜா. மன்றம் தொடங்கியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் எல்லோரும் அதையே வரைந்துவந்தார்கள். கூஜாவைத் துடைக்கும் உரிமை தலைவருக்கு மட்டும். துடைத்தபின் கைப்பிடி வழக்கமான திசையில் இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். நில அளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதி வேலிகள் அவர் சொன்ன இடத்தில் நிற்கின்றன. மீதிப் பாதி கோர்ட்டில் நிற்கின்றன.

இந்த மன்றத்தில் மருந்துக்கடைக்காரர் தானாக விரும்பிச் சேரவில்லை. மனைவி இழுத்துக்கொண்டு வந்தாள். மகள் வேலை கிடைத்து வெளியூர் போனபின் அவர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை நீண்டுவிட்டது. ஒரே பேப்பரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துப் படித்து, பிறகு மாற்றிப் படித்து, பிறகு வேறு வழியில்லாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருந்தது.

"என்னங்க, ஏதாச்சும் சேர்ந்து கத்துக்கலாம். இல்லாட்டி சண்டைதான் போடணும்" என்றாள் மனைவி.

அவள் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறவள். கற்றுக்கொள்கிறவர் லாரிக்கு நேராக வண்டியைத் திருப்பும்போதும் பக்கத்தில் உட்கார்ந்தபடி, "பரவாயில்லை, மெதுவா இந்தப் பக்கம்" என்று சொல்லக்கூடியவள். அவரோ மாத்திரையை இரண்டு தடவை எண்ணிவிட்டு, மூன்றாவது தடவை எண்ணட்டுமா என்று யோசிக்கிற ஆள். யாராவது கடைக்கு வெளியே நின்று கூப்பிட்டால், ஏதோ தப்பாகக் கொடுத்துவிட்டோம் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைப்பார்.

மன்றத்தில் கதை தலைகீழானது. இழுத்துக்கொண்டு வந்தவள் ஓரமாக உட்கார, இழுபட்டு வந்தவர் செல்லப்பிள்ளை ஆனார். அவருடைய கூஜா கோட்டைத் தாண்டாது. நீலம் தன் இடத்தில் நிற்கும், சாம்பல் தன் இடத்தில் நிற்கும். இரண்டும் ஒன்றையொன்று ஏறிட்டும் பார்க்காது. "இது கூஜா!" என்று தலைவர் எல்லோருக்கும் தூக்கிக் காட்டுவார். அவளுடைய கூஜா ஒரு வாரம் வழிந்தது, ஒரு வாரம் மிதந்தது. ஒருமுறை தலைவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "கைப்பிடி எங்கம்மா?" என்று கேட்டார்.

"பின்னாடி இருக்குங்க."

தலைவர் முக்காலிக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த மன்றத்துக்கு ஒரு நாள் நகராட்சியின் கலை அலுவலர் வந்தார். அறை நகராட்சியுடையது, இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். அவர் சுவரில் மாட்டியிருந்த படங்களை ஒரு சுற்றுச் சுற்றினார். கூஜா. கூஜா. கூஜா.

"எல்லாம் ஒரே ஆள் வரைஞ்சதா?"

"இல்லைங்க, எல்லாரும் வரைஞ்சது" என்றார் தலைவர், பெருமை தாங்காமல்.

அலுவலர் சுவர்களை மறுபடி ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, "இந்த வருஷம் எல்லா மன்றத்துலயும் நாங்க எதிர்பார்க்கிறது படைப்புத் துணிச்சல். அப்புறம் வளர்ச்சி. வருஷக் கடைசியில கண்காட்சி பார்க்க வருவேன். ஒண்ணும் தெரியலைன்னா, செஸ் கிளாஸ்காரங்க இந்த ரூமைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அடுத்த ஞாயிறு அவசரக் கூட்டம். தலைவர் கூஜாவுக்குப் பக்கத்தில் நின்று பேசினார்.

"நண்பர்களே, நாம துணிச்சலா இருக்கணும்னு மேலிடத்து உத்தரவு. உத்தரவை மீறி நமக்குப் பழக்கமில்லை. அதனால துணிஞ்சுதான் ஆகணும். நானும் துணிச்சல்காரன்தான். வேலையில இருந்தப்போ மேலதிகாரி ரூமுக்கே போயி, கதவைச் சாத்திட்டு, நேருக்கு நேரா 'நீங்க சொல்றது ரொம்பச் சரி'ன்னு சொன்னவன். ஆனா துணிச்சலுக்கு ஒரு முறை வேணும். முன்அனுமதி வேணும். ஒத்திகை வேணும். எல்லாரும் ஒரே நேரத்துல துணிஞ்சுட்டா அப்புறம் யாரு பாராட்டறது?"

பலத்த கைதட்டல். அடுத்து செயலாளர் எழுந்தார். கடைத்தெருவில் ஃப்ரேம் கடை வைத்திருக்கும் அம்மாள். "எவ்வளவு வேணும்னாலும் துணியலாம். ஆனா நம்ம கடை ஃப்ரேமுக்குள்ள அடங்கணும். ஒரே சைஸ்தான் இருக்கு. கலைஞனுக்கு எல்லையே கிடையாதும்பாங்க. இருக்கு. நான்தான் விக்கிறேன்."

துணைத்தலைவரான பல் டாக்டர் சுருக்கமாக முடித்துக்கொண்டார். "லேசா வலிக்கும். பயப்படாதீங்க. யாரும் வாயைத் திறக்கலைன்னா சீக்கிரம் முடிஞ்சிடும்."

துணிச்சல் துணைக்குழு அன்றே உருவானது. யார் எவ்வளவு துணியலாம் என்று முடிவு செய்ய ஓர் அலுவலர் வேண்டும். எல்லோரும் திரும்பி மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார்கள்.

"எனக்கு ஓவியத்துல எதுவும் தெரியாதுங்களே" என்றார் அவர்.

"அதுக்குப் பேருதான் நடுநிலை" என்றார் தலைவர். "நீங்க டோஸ் தெரிஞ்சவர். அது போதும்."

அவரிடம் இரண்டு ரப்பர் முத்திரைகளைக் கொடுத்தார்கள். ஒன்றில் 'அளவு சரி'. மற்றதில் 'அளவு மீறியது'. மன்றத்தின் மைப்பெட்டி காய்ந்து கிடந்ததால் கடையிலிருந்து தன்னுடையதையே கொண்டுவந்தார். பாட்டில்மேல் குத்துகிற மை, தண்ணீர் பட்டாலும் அழியாது. அன்று சாயங்காலம் வீட்டில் பேப்பர்மேல் குத்திப் பழகினார். விளையாட்டுச் செய்தியெல்லாம் அளவு சரியானது. அரசியலெல்லாம் அளவு மீறியது. அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே பார்த்தாள்.

"துணிச்சலுக்கு எக்ஸ்பைரி தேதி உண்டாங்க?"

"விளையாடாத. பொறுப்பான வேலை."

வெளியில் அப்படிச் சொன்னாலும் உள்ளுக்குள் அவருக்குக் குளிர்ந்துபோயிருந்தது. இத்தனை வருஷத்தில் எல்லோரும் அவரிடம் சீட்டை நீட்டியிருக்கிறார்கள். டாக்டர் எழுதியதை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவரைக் கேட்டு யாரும் எதையும் முடிவு செய்ததில்லை.

விண்ணப்பங்கள் குவிந்தன. ஓய்வுபெற்ற ரயில் கார்டு ஒருவர் பச்சைக் கூஜா வரைய அனுமதி கேட்டார். அது பெரிய விஷயம் என்பதால் குழு இரண்டு வாரம் கூடியது. கடைசியில், இடது கீழ் மூலையில் தீப்பெட்டி அகலத்துக்கு மட்டும், சாப்பாட்டுக்குப் பின், பச்சை அனுமதிக்கப்பட்டது. நூலகத்தில் வேலை பார்க்கும் பெண் கூஜாவுக்கு நிழல் போட விரும்பினார். நிழல் கூஜாவைவிடச் சின்னதாக இருக்க வேண்டும், அது கூஜாவுடைய நிழல்தான் என்று சந்தேகமறத் தெரிய வேண்டும் என்ற நிபந்தனையோடு 'அளவு சரி'.

அனுமதி பெற்றவர்கள் ஒத்திகை பார்த்தார்கள். வரிசையாக நின்று காய்ந்த பிரஷ்ஷைக் கையில் பிடித்து, தலைவர் "துணிக!" என்றதும் காற்றில் ஒரு கோடு இழுத்துவிட்டு உட்கார வேண்டும். ஒரு ஞாயிறு கார்டு நிஜப் பிரஷ்ஷைப் பிடித்திருக்கும்போது தும்மிவிட்டார். ஒரு சொட்டு நீலம் தாளில் தெறித்தது. உடனே விசாரணை. வேண்டுமென்று செய்திருந்தால் அனுமதி இல்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்றால் அது துணிச்சலே இல்லை. இரண்டிலும் குற்றம். எல்லோரும் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார்கள். அவர் வெகுநேரம் யோசித்து, "பக்கவிளைவு" என்று தீர்ப்புச் சொன்னார். கார்டு கண்ணீரோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

வளர்ச்சியைத் தலைவரே கவனித்துக்கொண்டார். மாதம் ஒருமுறை பழைய அளவு நாடாவை எடுத்துவந்து ஒவ்வொருவர் படத்திலும் கூஜாவின் உயரத்தை அளந்தார். "இவருது போன மாசத்தைவிட ஒரு விரற்கடை வளர்ந்திருக்கு. வாழ்த்துக்கள்." கூஜா வளராதவர்கள் தலைகுனிந்து நின்றார்கள்.

மருந்துக்கடைக்காரருக்கு இதெல்லாம் விநோதமாகத் தோன்றியது உண்மை. ஆரம்பத்தில் ஒருநாள் மனைவியிடம், "இவங்க பண்றது எனக்கே கொஞ்சம் ஒரு மாதிரியாத்தான் இருக்கு" என்றுகூடச் சொன்னார். ஆனால் தினமும் ஒரே கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் கோணலும் நேராகத் தெரிய ஆரம்பித்துவிடுகிறது. சில மாதத்தில் தலைவர் "துணிக!" என்றதும் அவருக்கே உடம்பு சிலிர்த்தது.

அவள் விண்ணப்பம் எதுவும் கொடுக்கவில்லை. வீட்டில் சமையலறை மேசைமேல் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். குழாயடியில் முழுத் தாளையும் நனைத்து, சொட்டச் சொட்ட எடுத்துவந்து, பலகையில் விரித்து, ஈரத்தின்மேலேயே வண்ணத்தை விட்டாள். மேசை நனைந்தது, தரை நனைந்தது. அவர் வரும்போது ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவாள்.

"என்ன அது?"

"பொறுங்க. முடிஞ்சதும் பார்க்கலாம்."

ஒரு ஞாயிறு அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மன்றத்துக்கு வந்தாள். நேராக நடுவே போய், முக்காலிக்குக் கீழே தரையில் விரித்தாள்.

படத்தில் இருந்தது மருந்துக்கடை. கல்லாவுக்குப் பின்னால் அவர். முதுகுக்குப் பின்னால் அலமாரிகளின் சிவப்பும் மஞ்சளும் ஒன்றுக்குள் ஒன்று ஓடி, மழை நாளில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கிற தெரு மாதிரி வழிந்திருந்தன. அவருடைய வெள்ளைக் கோட்டுக்கு அவள் வண்ணமே போடவில்லை. வெறும் தாள்தான் கோட்டாக இருந்தது. முகத்துக்கு ஒரே பூச்சு, பழுப்பில் கொஞ்சம் நீலம் இறங்கியிருந்தது. மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தவரை யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள், நிமிர்கிறார். அந்த நிமிர்வில் ஒரு பயம். என்ன தப்புச் செய்தேனோ என்கிற பயம். அதோடு, தப்பில்லை என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்கிற ஆசை.

நூலகப் பெண்தான் முதலில் மெதுவாகச் சொன்னார்: "ஐயோ, அவரேதான்."

குளித்துக்கொண்டிருக்கும்போது யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது மருந்துக்கடைக்காரருக்கு. எதையாவது இழுத்து மூடிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எல்லோர் கண்ணும் தாளைப் பார்த்தது, பிறகு அவரைப் பார்த்தது, மறுபடியும் தாளுக்குப் போனது.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "இது கூஜா இல்லை."

இதை யாராலும் மறுக்க முடியவில்லை.

செயலாளர் அம்மாள் குனிந்து சாணால் அளந்தார். "ஃப்ரேமுக்கு அடங்காது."

பல் டாக்டர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "வாய் மூடியிருக்கு. உள்ள என்ன பிரச்சினைன்னு தெரியலை. ஆனா பிரச்சினை இருக்கு."

"விண்ணப்பம் இல்லை, ஒத்திகை இல்லை" என்றார் தலைவர். "இருந்தாலும் நாங்க முடிவு பண்ண மாட்டோம். அதுக்குன்னு அலுவலர் இருக்கார். சார், மனைவின்னு பார்க்காதீங்க. நேர்மையா ஒண்ணு சொல்லுங்க. இது உங்க முகமா?"

"ஏங்க?"

"உங்க முகம்னா, அலுவலர் முகத்தை அலுவலர் அனுமதியில்லாம வரைஞ்சிருக்காங்க. உங்களுக்குத் தெரிஞ்சே நடந்திருக்குன்னு ஆகும். விசாரிக்கணும். உங்க முகம் இல்லைன்னா சிக்கலே இல்லை. படம் சரியா வரலை, அவ்வளவுதான்."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. சிக்னலில் வண்டியை அணைத்துவிட்ட ஆளைப் பார்ப்பதுபோல, பின்னால் எத்தனை ஹாரன் அடித்தாலும் இவர் மறுபடி கிளப்பட்டும் என்று காத்திருப்பதுபோல, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது... என் முகம் இல்லைங்க" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அப்போ முத்திரை."

குனிந்தார். எங்கே குத்துவது என்று தெரியவில்லை. வண்ணம் படாத இடம் கோட்டு மட்டும்தான். அதன் நெஞ்சில் குத்தினார். 'அளவு மீறியது'. கை பழகியிருந்ததால் எழுத்துகள் ஒன்றுகூட மங்காமல் விழுந்தன.

"சரிங்க" என்றாள் அவள், தலைவரைப் பார்த்து. தாளைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கினாள். மருந்துக்கடைக்காரர் போகவில்லை. அடுத்து ஒத்திகை இருந்தது.

அன்று அவர் வீட்டுக்குச் சுற்றுவழியில் போனார். திட்டப்போகிறாள், திட்டட்டும் என்று பதில்களைக்கூட யோசித்து வைத்திருந்தார். கதவு திறந்தே இருந்தது.

"சாப்பிடறீங்களா? சூடு பண்ணவா?" என்றாள். பிறகு, குளியலறையில் பல்ப் போயிருக்கிறது என்றாள். பிறகு, பக்கத்து வீட்டுக்காரர்கள் வெள்ளையடிக்கிறார்கள் என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் சோறு இறங்கியிருக்கும்.

மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும். அவள் சிரித்தாள், பேசினாள், அவருடைய சட்டைக்குப் பட்டன் தைத்தாள். அவர்தான் திருடன் மாதிரி வீட்டுக்குள் நடமாடினார். அவள் இல்லாத நேரம் பீரோவுக்குப் பின்னால் பார்த்தார், பரண்மேல் பார்த்தார், கட்டிலுக்கடியில் தலையை விட்டுப் பார்த்தார். படம் எங்கேயும் இல்லை.

"என்ன தேடறீங்க?" பின்னால் வந்து நின்றாள்.

"குடை."

"வெயில் கொளுத்துது."

"அதுக்குத்தான்" என்றார்.

கடையிலும் நிம்மதி இல்லை. யாராவது கூப்பிட்டால் நிமிரும்போதே, எதிரே இருந்த கண்ணாடிக் கதவில் தன் முகம் தெரிந்தது. அவள் வரைந்த அதே முகம். மாற்றிக்கொள்ளப் பார்த்தார். புருவத்தை உயர்த்தினார். பல்லைக் காட்டினார். இருமல் மருந்து வாங்க வந்த ஒருவர், "ஏங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டு, மருந்தை ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்து வாங்கிப் போனார்.

அந்த வாரம் மகள் போன் செய்தாள். "அப்பா, அம்மா உங்களை வரைஞ்சிருக்காங்கல்ல, முன்னாடியே போட்டோ அனுப்பியிருந்தாங்க. என்கூட வேலை பார்க்கிறவங்க எல்லார்கிட்டயும் காட்டினேன், எங்கப்பான்னு. எல்லாரும் பார்த்ததுமே, பாவம்டி உங்கப்பா, ரொம்ப நல்லவர் போலன்னாங்க. கண்காட்சியில வைக்கிறாங்களா?"

அப்படியானால் அவள் மகளிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அது வந்து... ஃப்ரேம் சைஸ் சரியா வரலைம்மா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

போனை வைத்தார். முதல் பொய்யைத் தலைவர் கேட்டு வாங்கினார். இரண்டாவதை யாரும் கேட்கவே இல்லை, தானாக வந்துவிட்டது.

ஒருநாள் மனம் பொறுக்காமல் தலைவர் வீட்டுக்கே போனார். தலைவர் தோட்டத்தில் செடிகளுக்கு இடையே நூல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த முத்திரையைத் திரும்ப எடுத்துக்கலாமான்னு..."

"எடுத்துக்கலாமே. ஆனா குத்தின முத்திரையை மாத்தறது பெரிய துணிச்சல். அதுக்கு அலுவலர் அனுமதி வேணும்."

"அலுவலர் நான்தானுங்களே."

"உங்களுக்கு நீங்களே அனுமதி கொடுத்துக்கிட்டா அது ஊழல் இல்லையா, சார்?" என்று சொல்லிவிட்டு, "அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க" என்றார். மருந்துக்கடைக்காரர் நூலின் முனையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அவள் மன்றத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஞாயிறு காலை டிரைவிங் ஸ்கூல் காரை எடுத்துக்கொண்டு, வண்டி பழகுகிற பெரிய மைதானத்துக்குப் போனாள். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே அங்கேயே உட்கார்ந்து வரைவதாகச் சொன்னாள். "நீங்க போயிட்டு வாங்க. உங்களுக்கு அங்க வேலை இருக்கும்" என்றாள். குத்தலாகச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா என்று வாரம் முழுக்க யோசித்தார்.

வருஷக் கடைசி வந்தது. கண்காட்சிக்காக அறையைச் சுற்றிலும் கூஜாக்கள் மாட்டப்பட்டன. ஒவ்வொன்றின் மூலையிலும் அங்கீகரிக்கப்பட்ட ஒரு துணிச்சல், அதன்மேல் முத்திரை. செயலாளர் அம்மாள் கண்ணாடி போட்ட ஃப்ரேம்களை எல்லோருக்கும் கொடுத்து முடித்ததும் ஒன்று குறைந்தது. துணிச்சல் அலுவலருடைய படம் மட்டும் கண்ணாடி இல்லாமல், கிளிப்பில் தொங்கியது. கலை அலுவலருக்குப் புழுங்கக் கூடாது என்று, எந்தக் காலத்திலோ நிறுத்திவைத்த ஏசியைப் போட்டுவிட்டார்கள். மருந்துக்கடைக்காரரின் படம் அதற்கு நேர் கீழே.

கலை அலுவலர் தாமதமாக வந்தார். அதற்குள் ஏசி தன் வேலையை ஆரம்பித்திருந்தது. சொட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு. கூஜாவின் நீலம் அசைந்து, சாம்பலோடு கலந்து, கைப்பிடி கரைந்து, எல்லாமாகச் சேர்ந்து தாளின் அடிவரை ஓடியிருந்தது. மருந்துக்கடைக்காரர் பார்த்துத் திடுக்கிட்டு அதைக் கழற்ற ஓடினார். அவருக்கு முன்னால் கலை அலுவலர் அங்கே நின்றிருந்தார்.

"யாரு வரைஞ்சது இது?"

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள்.

"இத்தனை கூஜாவுக்கு நடுவுல இது ஒண்ணுதான் மூச்சு விடுது" என்றார் கலை அலுவலர். அவர் தலையில் ஒரு சொட்டு விழுந்தது. மேலே பார்த்தார். தலையைத் துடைத்துக்கொண்டார். "ஓகோ! தண்ணியையும் காட்சியில சேர்த்திருக்கீங்க. பார்க்கிறவனும் நனையணும். பிரமாதம்."

"எங்க துணிச்சல் அலுவலரோட படைப்புங்க" என்றார் தலைவர், ஒரு நொடிகூடத் தவறவிடாமல். "ஏசியைப் போடச் சொன்னது நான்."

அறை மன்றத்துக்கே என்று முடிவானது. செஸ் தோற்றது. ஆண்டின் துணிச்சலாளருக்கான கேடயம் மருந்துக்கடைக்காரரின் கையில் திணிக்கப்பட்டது. கைதட்டலுக்கு நடுவே அவர் நிமிர்ந்தபோது, வாசலில் மனைவி நின்றிருப்பதைப் பார்த்தார். கையில் போன். அப்பா மேடையில் நிற்கிற படம் வேண்டும் என்று மகள் கேட்டிருக்க வேண்டும்.

மைக்கை நீட்டினார்கள்.

"இதை நான் வரையலைங்க" என்றார். "ஏசி வரைஞ்சது."

சிரிப்பு. கைதட்டல். விசில்கூட.

"விளையாட்டுக்குச் சொல்லலை. இன்னொண்ணும் சொல்லணும்." குரல் உடைந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "என் மனைவி ஒரு படம் கொண்டுவந்தாங்க. அது என் முகம் இல்லைன்னு இங்கதான் சொன்னேன். அது என் முகம்தான். பார்த்த உடனே தெரிஞ்சுது. எல்லாரும் பார்க்கிறீங்களேன்னு பயந்துட்டேன். அதான் குத்திட்டேன்."

உடனே தலைவர் மைக்கை வாங்கிவிட்டார்.

"பார்த்தீங்களா! தப்பை ஒத்துக்கிறதும் துணிச்சல்தான். இதை நாம எப்படி விட்டோம்? அடுத்த வருஷம் ஒப்புதல் துணைக்குழு ஆரம்பிக்கிறோம். யாரு எந்தத் தப்பை எந்த அளவுக்கு ஒத்துக்கலாம்னு அது பார்த்துக்கும். முன்அனுமதி இல்லாம ஒத்துக்கிட்டதுக்காக அலுவலரை இந்த ஒரு தடவை அன்போட கண்டிக்கிறோம்."

கலை அலுவலர் பக்கத்தில் இருந்தவரிடம், "கடைசியில அழற மாதிரி பேசினாரே, அதுவும் நிகழ்ச்சியில இருக்கா? ரொம்ப இயல்பா இருந்துச்சு" என்றார். ஏசிக்குக் கௌரவ உறுப்பினர் பதவி தரலாம் என்று பல் டாக்டர் முன்மொழிந்தார். அதன் போட்டோவை எந்த சைஸில் மாட்டுவது என்று செயலாளர் அம்மாள் கவலைப்பட்டார்.

மருந்துக்கடைக்காரர் வாசலைப் பார்த்தார். அவள் இல்லை. கேடயத்தை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கி வந்தார். தெருவில் காரும் இல்லை.

மைதானத்துக்கு நடந்தே போனார். ஓரத்தில் கார் நின்றிருந்தது. பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பலகை. தூரத்தில் யாரோ ஒருவர் ஸ்கூலின் இன்னொரு காரில் பின்னோக்கி வர முயன்று, ஒரு கம்பத்தை நெருங்கிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சிடுச்சா?" என்றாள், கம்பத்தைப் பார்த்தபடியே.

"நீ கேட்டியா, நான் பேசினதை?"

"கேட்டேனே. ஏசி வரைஞ்சதுன்னு சொன்னீங்களே, நல்லா இருந்துச்சு. போட்டோ எடுத்தேன். அதுக்குள்ள கிளாஸுக்கு நேரமாச்சுன்னு போன் வந்துச்சு, கிளம்பிட்டேன்."

அத்தனை பேருக்கு முன்னால் சொன்னதை இவள் ஒருத்தி கேட்கவில்லை. இங்கே மைக் இல்லை, கூட்டம் இல்லை. தரையைப் பார்த்துப் பேச முடியாது, அவள் நாற்காலி தாழ்வாக இருந்தது. தரையைப் பார்த்தாலும் அவள் முகம் குறுக்கே வந்தது.

"அது என் முகம்தான்" என்றார். "அன்னைக்கு இல்லைன்னு சொன்னேன்ல. பொய். நம்ம பொண்ணுகிட்டயும் பொய் சொன்னேன்."

"தெரியும்."

"எப்படி?"

"அவளேதான் சொன்னா. அப்பா ஃப்ரேம் சைஸ்னு சொல்றாரு, குரலே சரியில்லைன்னு." பிரஷ்ஷைக் கழுவினாள். "முதப் பொய் அன்னைக்கே தெரியும். நீங்க குனிஞ்சு முத்திரை குத்திட்டு நிமிர்ந்தீங்க பாருங்க, உங்க மூஞ்சி அப்படியே அந்தப் படத்துல இருந்த மாதிரியே இருந்துச்சு. கீழ ஒண்ணு, மேல ஒண்ணு. அங்க இருந்த அத்தனை பேரும் பார்த்தாங்க."

அவருக்குக் காது மடல் சுட்டது.

"படம் எங்க?" என்று கடைசியில் கேட்டார்.

"கழுவிட்டேன்."

"கழுவிட்டியா?"

"குழாயைத் திறந்து விட்டுக் கழுவிட்டேன். கோவம்தான். அப்புறம் வருத்தமாயிடுச்சு. உங்களுக்காக இல்லை, படத்துக்காக." மடியில் இருந்த பலகையைத் திருப்பிக் காட்டினாள். அதே தாள். அலமாரியின் சிவப்பும் மஞ்சளும் லேசான கறையாக நின்றன. முகம் இருந்த இடத்தில் தேடிப் பார்த்தால் தெரிகிற அளவுக்கு ஒரு பழுப்பு. முத்திரை மட்டும் அன்று குத்தியது போலவே இருந்தது. "இது போகவே இல்லை. சோப்பு போட்டுக்கூடத் தேய்ச்சேன்."

அவர் தாளைத் தொடப்போனார். விரல் பாதியில் நின்றது.

"நான் என்ன பண்ணட்டும்? சொல்லு. என்ன வேணா பண்றேன்."

அவள் யோசித்தாள். தூரத்துக் கார் கம்பத்தில் இடிக்காமல் நின்றுவிட்டது. அதற்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து வெற்றிக்களிப்போடு அசைந்தது. அவளும் கையை ஆட்டினாள்.

"அந்தக் கல்லுமேல உக்காருங்க."

உட்கார்ந்தார். அவள் தாளை முழுக்க நனைத்தாள். தண்ணீர் விளிம்பிலிருந்து அவள் மடியில் சொட்டியது. அவரை நிமிர்ந்து பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். நிதானமாக, அவசரமில்லாமல், அவர் எண்ணும் மாத்திரைகளைப் போல ஒவ்வொன்றாக அவருடைய நெற்றியை, மூக்கை, வாயைப் பார்த்தாள். யாரும் திட்டாத அந்த மைதானத்தில் மருந்துக்கடைக்காரருக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனாலும் உட்கார்ந்திருந்தார். தலை மட்டும் தானாகக் குனிந்துகொண்டே போனது.

"நிமிரணுமா?" என்று கேட்டார், குனிந்தபடியே.

"வேண்டாம்" என்றாள். பிரஷ் தாளில் இறங்கும் சத்தம் கேட்டது. "அப்படியே இருங்க. இன்னும் கொஞ்ச நேரம்."